‘நல்லா கவனி’ என்றாய், மச்சான்

மச்சான்,

நேற்று குடோனில் இருந்த இரும்பு நாற்காலிகளை எல்லாம் பழைய இரும்புக்காரனுக்குத் தள்ளிவிடலாம் என்று வெளியே எடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது எவனும் இரும்பு கேட்பதில்லை. எல்லாருக்கும் பிளாஸ்டிக் வேண்டும், அதுவும் வெள்ளை. அதை எடுத்து ஒருத்தன் தலையில் அடித்தால் நாற்காலிதான் உடையும், தலை உடையாது. அதைப் போய் நாற்காலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுக்கின் அடியிலிருந்து அது வந்தது. முதுகுப் பட்டை நடுவில் குழிந்து, ஒரு கால் வெளியே பிதுங்கி, விரித்தால் கிரீச்சென்று கத்துகிற நாற்காலி. அந்தக் குழி உன் தலை போட்ட குழி. துரு வாடை மூக்கில் ஏறியதும் சாம்பார் வாடையும் ரத்த வாடையும் கூடவே ஏறிவிட்டன. பழைய இரும்புக்காரன் அதன்மேல் கை வைத்தான். மணிக்கட்டைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினேன். அவன் போட்ட அலறலில் தாம்பரம் ஸ்டேஷனில் கிளம்பிய ரயில் நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான். நீ இருந்தால் ‘குறை’ என்று உள்ளங்கையைக் கீழே பார்க்கப் பிடித்து மெல்லத் தாழ்த்துவாய். சரி, ‘ஆ’ என்றான். அவ்வளவுதான்.

நம் கதையே அடியில்தானே ஆரம்பித்தது. ஒரே பெஞ்சு, ஒரே வகுப்பு. என் பம்பரத்தை நீ எடுத்தாய் என்று உன் மூக்கில் குத்தினேன். நீ என் வலது கையைக் கடித்தாய். கட்டைவிரலுக்குக் கீழே உன் பல் தடம் இன்னும் இருக்கிறது. நீ மேலே மேலே படித்துக்கொண்டு போனாய். நான் எட்டாவதில் கணக்கு வாத்தியாரின் பிரம்பைப் பிடுங்கி உடைத்துவிட்டு, அப்பாவின் பந்தல் கடைக்கு வந்து சேர்ந்தேன். அப்புறம் உன் தங்கையைக் கட்டினேன். கல்யாணத்தன்று நீ என் காதில், ‘அவளை அடிச்சேன்னு கேள்விப்பட்டேன், இந்தத் தடவை கையைக் கடிச்சு எடுத்துடுவேன் மாப்ள’ என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் பல் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் உன் தங்கைதான் என்னை இரண்டு முறை அடித்திருக்கிறாள்.

எண்பதுகள் முடியப் போகிற சமயம் நீ பட்டணத்தில் பெரிய ஹோட்டல் உத்தியோகத்தை விட்டுவிட்டு, தாம்பரம் தாண்டி ஒரு கல்லூரியில் சுற்றுலாவும் ஹோட்டல் நிர்வாகமும் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராக வந்தாய். என் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டே அதைச் சொன்னது நினைவிருக்கிறது. நான் கேட்டேன்:

‘சோறு போடுறதுக்கு டிகிரியா மச்சான்? அப்போ எங்க தெருல இருக்கிற அத்தனை பொம்பளைக்கும் டாக்டர் பட்டம் தரணுமே.’

‘தரணும் மாப்ள. தர்றவன்தான் இல்லை.’

‘விழா நடத்துறதும் பாடமா?’

‘அதுவும்தான்.’

‘அப்ப நான்தான் உங்க காலேஜுக்கு பிரின்சிபால்.’

இன்றைக்கு அதற்கு ஈவென்ட் மேனேஜ்மென்ட் என்று பெயர் வைத்து டை கட்டிக்கொண்டு அலைகிறார்கள். அன்றைக்கு உன் கல்லூரியிலேயே மற்ற வாத்தியார்கள் உன் வகுப்பை ‘எச்சிலை டிபார்ட்மெண்ட்’ என்றார்கள். அதைச் சொன்ன பௌதிக வாத்தியாரை நான் சைக்கிளோடு ஏரியில் தள்ளினேன். நீ அதை நம்பவே இல்லை. ஏரியில் அப்போது தண்ணீரே இல்லை என்று மட்டும் சொன்னாய்.

உன் பாடத்தை நான் ஜன்னல் ஓரம் நின்று கேட்டிருக்கிறேன். முதல் நாளே போர்டில் பெரிதாக எழுதுவாய், கவனிப்பு என்று. ‘ரூம் சாவி குடுக்கிறது, காப்பி வைக்கிறது, பஸ்ஸுல ஏத்திக்கிட்டுப் போய் கோயில் காட்டுறது, எல்லாம் அப்புறம். வந்தவங்களைக் கவனிக்கணும். இந்தப் படிப்பே அவ்வளவுதான்’ என்பாய். எனக்குச் சிரிப்பு வரும். ஏனென்றால் என் கடையிலும் அந்த வார்த்தை ஒரு நாளைக்குப் பத்து தடவை புழங்கும், வேறு அர்த்தத்தில். கல்யாணத்தில் எவனாவது குடித்துவிட்டு வந்து மேடை ஏறினால், நான் என் ஆள் சேகரைக் கூப்பிட்டு, ‘அண்ணனைக் கொஞ்சம் கவனி’ என்பேன். சேகர் சவுக்குக் கம்பத்தை ஒற்றை ஆளாகத் தூக்கிக் குழியில் இறக்குகிறவன். போய்க் கவனிப்பான். அண்ணன் அடுத்த நாள் எழுந்து, தன் பல்லைத் தானே தேடுவார்.

உன் அந்தக் கை ஜாடை பிறந்ததும் உன் சமையல் வகுப்பில்தான். ஒரு பையன் எண்ணெயைக் காயவைத்துவிட்டு வாய் பார்த்ததில் வாணலி பற்றிக்கொண்டது. தீ கூரை வரைக்கும் போனது. இன்னொருவன் செம்பு நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்தான், ஊற்றுவதற்கு. நீ ஓர் அறை விட்டாயே, செம்பு ஜன்னல் கம்பியில் மோதி எகிறி என் காலில் விழுந்தது. அப்புறம் அமைதியாக மூடியை எடுத்து வாணலியை மூடினாய். பிள்ளைகள் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். நீ உள்ளங்கையைக் கீழே காட்டித் தாழ்த்தி, ‘தீயைக் குறைங்க. கத்தினா தீக்குக் காது கேட்காது’ என்றாய். அதற்குப் பிறகு நான் எந்தக் கதையை ஆரம்பித்தாலும் உன் கை இறங்கும். நாற்பது பேரை அடித்தேன் என்பேன். கை இறங்கும். இருபது என்பேன். இன்னும் இறங்கும்.

அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன்.

உன் படிப்புக்குப் பல்கலைக்கழக அங்கீகாரம் தொடருமா, தொடராதா என்று பார்க்க ஒருவரை அனுப்புகிறார்கள் என்று நீ வந்து சொன்ன அன்று உன் முகம் சரியாக இல்லை. அவர் வேண்டாம் என்று எழுதிவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள். படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளின் படிப்பு அந்தரத்தில் நிற்கும். அதில் பாதிப் பேர் பம்மல் தோல் கிடங்கில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். ‘நிஜமான விழா ஒண்ணை இதுங்க நடத்திக் காட்டணுமாம். எந்த ஹோட்டல்காரனும் உள்ள விடமாட்டேங்கிறான் மாப்ள’ என்றாய். நான் மார்பில் தட்டிக்கொண்டு சொன்னேன்: ராஜகீழ்ப்பாக்கம் மண்டபத்தில் வருகிற முகூர்த்தம் என் காண்டிராக்ட். பந்தல் என்னுடையது, நாற்காலி என்னுடையது, சமையல்காரர் என் ஆள். பெண் பம்மல், மாப்பிள்ளை கோவளம். பந்தி முழுக்க உன் பிள்ளைகள் நடத்தட்டும்.

அன்று காலை உன் பிள்ளைகளைப் பார்க்கக் கண் கூசியது. வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், பெண்பிள்ளைகளுக்கு ஒரே நிறச் சேலை. வந்தவர்களுக்கு வணக்கம் சொல்வது, கிழவிகளைக் கைபிடித்து உட்கார வைப்பது, சந்தனம் நீட்டுவது எல்லாம் சினிமா மாதிரி நடந்தது. பல்கலைக்கழகத்துக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி, கையில் ஃபைல். நீ அவருக்காக முதல் பந்தியில் நல்ல இடமாகப் பார்த்து ஓர் இலையின் மேல் அட்டை ஒன்றைக் கூடாரம் மாதிரி மடித்து வைக்கச் சொல்லியிருந்தாய். அட்டையில் ‘ரிசர்வ்டு’ என்று எழுதியிருந்தது. பெரிய ஹோட்டலில் அப்படித்தான் வைப்பார்களாம். அது பெரிய ஹோட்டல், மச்சான். இது ராஜகீழ்ப்பாக்கம்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். கோவளத்தில் படகு வைத்திருப்பவர். ஒவ்வொரு கையும் துடுப்பு கணக்கில் இருந்தது. நேராக அந்த இலைக்கு வந்து அட்டையைப் பார்த்தார்.

‘இது இன்னாடா?’

பக்கத்தில் நின்ற மாணவன் சிரித்த முகம் மாறாமல் சொன்னான். ‘ரிசர்வ்டு சார்.’

‘இன்னாடா ரிசர்வ்டு? இது இன்னா கல்யாண வூடா, கன்னியாகுமரி போற ரயிலா? தாய்மாமன் நான் நின்னுகினு கீறேன், அட்டை இலை போட்டுக் குந்திக்கினு கீது?’

‘கொஞ்சம் வெயிட் பண்ணுங்க சார். அடுத்த பந்தியில அட்ஜஸ்ட் பண்ணிடுறோம்.’

புத்தகப்படி அது சரியான பதில்தான். ஆனால் தாய்மாமனை அடுத்த பந்திக்குப் போ என்று சொல்வது அவர் அக்காளை வாசலில் நிறுத்திவைப்பதற்குச் சமம் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்க மாட்டான். அவர் அந்த அட்டையை எடுத்து நான்காய்க் கிழித்தார். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அந்த வாக்கியத்தைச் சொன்னார். எந்தக் கல்யாணச் சண்டையும் அதில்தான் தொடங்கும்.

‘எங்களை எவனும் கவனிக்கல.’

பெண்ணின் அண்ணன் பம்மலில் லேத் பட்டறை வைத்திருப்பவன். அவன் வந்து வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ‘இவ்ளோ கவனிச்சும் பத்தலைன்னா, வேற மாதிரிதான் கவனிக்கணும் போலகீது’ என்றான்.

முதல் அடி யார் அடித்தது என்று யாருக்கும் தெரியாது. நான் பார்த்தபோது சாம்பார் வாளி பறந்துகொண்டிருந்தது. அது ஒருவனின் தலையில் கவிழ்ந்து, அவன் கண் தெரியாமல் தன் சித்தப்பாவையே குத்தினான். தோசைக் கரண்டி, அப்பளக் கூடை, ரசம் அள்ளுகிற சொம்பு, எதுவும் வைத்த இடத்தில் இல்லை. ஒருவன் காது மடல் கிழிந்து தொங்கியது. ஒருவன் பல் பச்சடியில் விழுந்தது. தவில்காரர் கோலால் இரண்டு பக்கத்தாரையும் பாரபட்சம் இல்லாமல் சாத்தினார். மேடையில் மாப்பிள்ளை மாலையைக் கழற்றிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு குதித்தான். அவள் தன் மாலையையும் அவன் மாலையையும் மணையில் வைத்துவிட்டு, அவன் பின்னாலேயே குதித்தாள். நான் அன்று அறுபது பேரைச் சாய்த்தேன்.

தெரியும். கை இறங்குகிறது. முப்பது.

நீ அடிக்கவில்லை. உன் பிள்ளைகளைச் சுவரோரம் சேர்த்து, கிழவர்களையும் குழந்தைகளையும் சமையல்கட்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாய். அப்போது உன் கண்ணில் பல்கலைக்கழகத்துக்காரர் பட்டார். தூணோடு ஒட்டி, ஃபைலை நெஞ்சில் அணைத்து நின்றார். உன் படிப்பின் உயிர் அந்த ஃபைலில் இருந்தது. உன் கையில் அப்போது அழுகிற குழந்தை ஒன்று. பக்கத்தில் சேகர். நான் கொஞ்சம் தள்ளி, ஒருவன் மார்பில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

‘சேகரு, அதோ தூண் கிட்ட கண்ணாடிக்காரர். அவரைக் கவனி.’

சேகருக்குக் கொஞ்சம் சந்தேகம். ‘அவரையா சார்? பாவமா கீறாரே.’

‘அவர்தான்டா முக்கியம்.’

‘நல்லாவா சார்?’

‘நல்லா கவனி. ஒரு குறையும் வைக்கக் கூடாது.’

அவன் போனான். போகிற வழியில் ஒரு நாற்காலியை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டான். நான் கத்தினேன். மண்டபத்தின் இரைச்சலில் அது எங்கே கேட்கும். அவன் அந்த மனிதரின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினான். ஃபைல் கீழே விழுந்தது. நாற்காலி மேலே போனது. நீ திரும்பிப் பார்த்தாய். குழந்தையை ஸ்டெல்லா என்ற மாணவியின் கையில் திணித்தாய். ஓடினாய். பாயசத்தில் கால் வழுக்கி, சறுக்கிக்கொண்டே போய், அந்த மனிதருக்கும் நாற்காலிக்கும் நடுவில் உன் தலையைக் கொடுத்தாய்.

அந்தச் சத்தம் இருக்கிறதே, மச்சான். அதை நான் பெரிதாக்கியதே இல்லை. பெரிதாக்க முடியாது.

மண்டபம் அடங்கிவிட்டது. நெற்றி பிளந்து, புருவத்தின் மேல் ரத்தம் கொட்டி, வெள்ளைச் சட்டை சிவந்துகொண்டே போனது. நீ தரையில் உட்கார்ந்தபடி அண்ணாந்து அவரைப் பார்த்துச் சொன்னாய்.

‘சார், உட்காருங்க. பாயசம் இன்னும் வரல.’

தாய்மாமன்தான் முதலில் வாய் திறந்தார். ‘டேய், வாத்தியாரை எவன்டா அடிச்சான்?’

பம்மல், கோவளம் என்று பார்க்காமல் எல்லா விரலும் சேகரைக் காட்டின. இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்தது. அவனை அடித்தார்கள். அவன் என் ஆள் என்று தெரிந்ததும் என்னையும் அடித்தார்கள். தாய்மாமன் பிடித்துக்கொள்ள, லேத் பட்டறைக்காரன் அடிக்க, அதுவரை ஒருவர் குரல்வளையை ஒருவர் பிடித்தவர்கள், ‘நீங்க அடிங்க மாமா’, ‘இல்ல தம்பி, நீ அடி’ என்று மரியாதை வேறு. அப்படி ஒரு சம்பந்தி ஒற்றுமையை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. என் விலா எலும்பில் ஒன்று இன்றைக்கும் மழை வருவதை முன்கூட்டிச் சொல்லும். சேகர் அடியின் நடுவிலேயே அழுதான். ‘சார்தான் கவனிக்கச் சொன்னாரு. நல்லா கவனின்னு சொன்னாரு. ஒரு குறையும் வைக்காதேன்னாரு.’

அப்போதுதான் உனக்குப் புரிந்தது. ரத்தத்தோடு சிரித்தாய். சேகரை அவர்கள் கையிலிருந்து விடுவித்து, ‘என் மேலதான் தப்பு, விடுங்க’ என்றாய்.

அப்புறம் நடந்ததைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. உன் பிள்ளைகள் தரையைக் கழுவி, புது இலை போட்டார்கள். தாய்மாமனும் லேத் பட்டறைக்காரனும் ஒரே வரிசை. அட்டை கிடையாது. நீ தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசை முழுக்கக் குனிந்து குனிந்து விசாரித்தாய். ‘இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா? உங்க உதடு வீங்கியிருக்கு, ரசம் காரமா இருக்கும், மோர் சொல்லவா?’ குத்து வாங்கியவன் எல்லாம் குழந்தை மாதிரி தலையாட்டினான். அடித்துக்கொள்வதை நான் எத்தனையோ மண்டபத்தில் பார்த்துவிட்டேன். அடிபட்டவனிடம் மோர் வேண்டுமா என்று கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் பல்கலைக்கழகத்துக்காரர் கிழிந்த காலரைச் சரிசெய்துகொண்டு பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார். நீ ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தாய். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

‘உங்க ஆசிரியர் இன்னைக்கு என்ன தப்புப் பண்ணார்?’

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இடுப்பில் இன்னும் யாருடைய குழந்தையையோ வைத்திருந்த ஸ்டெல்லா மட்டும் பேசினாள். ‘சொன்ன வார்த்தை சரிதான் சார். கேட்கிறவருக்கு அதுல என்ன அர்த்தம்னு பார்க்காம சொல்லிட்டார். அட்டையிலயும் அதே தப்புதான். எங்களுக்கு அது மரியாதை. அவங்களுக்கு அவமரியாதை.’

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு பக்கம் கீறல் விழுந்திருந்தது. ‘இதைக் கத்துக்கொடுக்க எங்ககிட்ட பாடத்திட்டம் இல்லை. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க’ என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனார். படிப்பு பிழைத்தது. என் விலா உடைந்தது. நெற்றித் தழும்பு உனக்கு, பெருமை எனக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வகுப்புக்கு என்னைக் கூட்டிப் போவாய். போர்டில் கவனிப்பு என்று எழுதிவிட்டு, ‘இவர் சொல்லுவார்’ என்று பின்னால் போய் நின்றுகொள்வாய். நான் இருநூறு பேரில் ஆரம்பிப்பேன். நீ கடைசி வரிசைச் சுவரில் சாய்ந்து, உள்ளங்கையைத் தாழ்த்துவாய். நூறு என்பேன். தாழ்த்துவாய். நாற்பது, இருபது. பிள்ளைகள் திரும்பித் திரும்பி உன் கையையும் என் வாயையும் பார்த்துச் சிரிப்பார்கள். கடைசியில் நீ பின்னாலிருந்து போட்டு உடைப்பாய். ‘இவர் சாய்ச்சது ரெண்டே பேர். அதுல ஒருத்தர் நம்ம சமையல்காரர்.’

இந்த மார்ச்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. உன்னை யாரும் அடிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். அடித்தவன் என்று ஒருவன் இருந்திருந்தால் நான் போய்ப் பார்த்திருப்பேன்.

உன் வகுப்பை இப்போது ஸ்டெல்லா எடுக்கிறாள். போன வாரம் கடைக்கே வந்து, ‘அங்கிள், இந்த வருஷமும் நீங்கதான் வரணும்’ என்றாள். இன்று காலை அந்த நாற்காலியை மீன்பாடி வண்டியில் வைத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். வண்டி மிதித்தது சேகர்தான்.

ஆரம்பித்தேன். ‘இருநூறு பேர் இருப்பாங்க’ என்றேன். பிள்ளைகள் வாய் பிளந்தார்கள். பின்சுவரைப் பார்த்தேன். காலியாக இருந்தது. ‘முந்நூறு’ என்றேன். அதையும் நம்பினார்கள், மச்சான். ஐந்நூறு என்றாலும் நம்பியிருப்பார்கள். நீ குறைப்பாய் என்ற தைரியத்தில்தானே நான் இத்தனை வருஷம் ஏற்றிக்கொண்டிருந்தேன். ‘நூறு’ என்றேன். ‘இருபது.’ கடைசியில் நானே சொன்னேன். ‘நான் சாய்ச்சது ரெண்டு பேர். அதுல ஒருத்தர் எங்க சமையல்காரர்.’

சிரித்தார்கள். உனக்குச் சிரித்த அதே சிரிப்பு. ஸ்டெல்லா மட்டும் போர்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வகுப்பு முடிந்ததும் நாற்காலியைக் கடைசி வரிசைக்குப் பின்னால், நீ சாய்ந்து நிற்கும் இடத்தில் விரித்துப் போட்டேன். கிரீச்சென்று கத்தியது. ‘இதுல யாரையும் உட்கார விடாதேம்மா’ என்றேன்.

‘ரிசர்வ்டுன்னு ஒரு அட்டை வெச்சிடட்டுமா அங்கிள்?’

‘வேணாம்மா. அந்த அட்டையாலதான் எல்லாம். நீ சும்மா நல்லா கவனிச்சுக்கோ.’

‘எந்தக் கவனிப்பு அங்கிள்?’ என்றாள். கண் கலங்கியிருந்தது, குறும்பும் இருந்தது.

வாசலில் நின்ற சேகர் சத்தமாக அழ ஆரம்பித்தான். நான் அவன் பக்கம் திரும்பினேன். நீ கடித்த அந்த வலது கை தானாக நீண்டது. உள்ளங்கை கீழே பார்த்தபடி, மெல்லத் தாழ்ந்தது.